பார்த்தவர் பெயர்

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சரிவில், கோடை தொடங்கியதும் தரை ஆர்க்கிட் பூக்கும். சாண் உயரத் தண்டு, அதில் ஐந்தாறு வெளிர்பச்சைப் பூக்கள். ஐந்து வருடமாக, மருந்துக்கடையைத் திறக்கப் போகும் முன் தினமும் அங்கே போய்ப் பார்ப்பவள் நான். சங்கம் கூடும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்குக் கடை உண்டு என்பதால், கண்ட பூவையும் பறவையையும் பில் தாளின் பின்பக்கம் எழுதி அக்கா வீட்டில் கொடுத்துவிடுவேன். அக்கா கணவர், என் மாமாதான், ஊர் இயற்கைச் சங்கத்தின் செயலாளர். பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அந்தப் பதிவுகளைக் காட்டித்தான், சரிவை வெட்டி வண்டி நிறுத்துமிடம் கட்டவிடாமல் சங்கம் தடுத்து வைத்திருந்தது.

இந்தக் கோடையில் ஒருநாள் லீவு போட்டுச் சங்கத்துக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டினால் சரிவைப் பற்றி நாற்பத்தொரு பதிவு, அத்தனையிலும் 'பார்த்தவர்' கட்டத்தில் மாமாவின் பெயர். காலையில் பால் பாக்கெட் எடுக்கக்கூடப் படி இறங்காத மனிதர்!

நேரே அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஒரே குடும்பம்தானே, யார் பேர்ல இருந்தா என்னடி? அவருக்கும் வெளியில ஒரு மரியாதை வேணாமா?" என்றாள் அக்கா.

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பார்த்தா அது சும்மா வேடிக்கை. நான் எழுதினாத்தான் பதிவு."

"சரி மாமா, எழுதிக்கோங்க" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சரிவில் ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை ஜோடி ஒன்று கூடு வைத்திருந்தது. பெண் பறவை உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டும். சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். நான் சீட்டில் மாற்றி எழுதினேன்: ஆண் உள்ளே, பெண் வெளியே.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி உண்டு. தெரியாமல் தவறாக எழுதினால் அந்த ஒரு வரி போகும். தெரிந்தே பொய் எழுதினால் அந்த ஆளின் பதிவு மொத்தமும் போகும். ஒழியட்டும் மனிதர் என்றுதான் நினைத்தேன். அவர் பெயரில் இருப்பதெல்லாம் என் பூக்கள் என்பது, இருந்த ஆத்திரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த ஞாயிறு மறுபடி லீவு போட்டுவிட்டு, சங்கக் கூட்டத்தில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு இருவாச்சிப் பதிவை வாசித்தார். பதிவேட்டுக்குப் பொறுப்பான ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே பார்த்தீங்களா?"

"ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன் சார். ஆண்தான் உள்ள. பெண் வந்து வந்து ஊட்டுது."

"பொண்டாட்டி ஊட்டிவிட உள்ளயே கெடக்கிறது வேற ஜாதி சார்!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். அரங்கமே சிரித்தது. மாமாவின் முகம் வெளிறியது. எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

ரேஞ்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். உடனே மாமா சட்டைப்பையிலிருந்து என் சீட்டை உருவினார்.

"சார், நான் பார்க்கவே இல்ல! இதோ, இவ எழுத்து. அஞ்சு வருஷமா எல்லாமே இவ பார்த்ததுதான்!"

எந்த வார்த்தைக்காக நான் வெந்துகொண்டிருந்தேனோ அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியாம்மா? ஆணையும் பெண்ணையும் தெரியாம மாத்தி எழுதிட்டியா?" ரேஞ்சர் தணிந்த குரலில் கேட்டார். எனக்கு வழிவிடுகிறார் என்று புரிந்தது. ஆமாம் என்றால் ஒரு வரியோடு போகும். சரிவு பிழைக்கும். சொல்லத்தான் எழுந்தேன்.

"அவளுக்கு என்ன சார் தெரியும்?" என்று மாமா முந்திக்கொண்டார். "இத்தனை வருஷமா நான்தான் திருத்தித் திருத்தி ஏத்துறேன்."

"தெரிஞ்சேதான் சார் எழுதினேன்" என்றேன். "உள்ள இருக்கிறது பெண்தான். இவரை மாட்டிவிடத்தான் மாத்தினேன்."

அக்கா என் கையை விட்டாள்.

ரேஞ்சர் முறைப்படி செய்பவர். முதலில், இருவாச்சி வரியோடு சேர்த்து நாற்பத்திரண்டு இடத்திலும் மாமாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். பிறகு முதல் வரியிலிருந்து சிவப்புக் கோடு போட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது பக்கத்தில் ஆர்க்கிட் வந்தது.

"சார், இதை மட்டும் விட்டுடலாமா?"

"இது யார் பார்த்தது?" என்று கேட்டார்.

கட்டத்தில் என் பெயர் ஈரம் காயாமல் இருந்தது.

"நான்தான் சார்" என்றேன். அவர் கோடு போட்டார்.