எழுபத்தொன்றில் நின்ற யானை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; போகப் போக அதற்கு இடம் கிடைக்காது. இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடைத்தது.

இணைய இணைப்பு கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். கம்பியில்லா இணைப்பு. என் மாடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டிஷ், தூரத்தில் ஒரு டவர், நடுவில் வெறும் காற்று. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற சின்ன நிறுவனம். அவள் டிஷ்ஷைத் திருப்பினாள். நான் அவளுடைய மடிக்கணினியைத் தாங்கிக்கொண்டு திரையில் ஓடிய எண்களை வாசித்தேன். வேலை செய்துகொண்டே கணவனைப் பற்றி, அவன் வாங்கி வந்த பெரிய டிஷ்ஷைப் பற்றி, விற்கப்போகிற நிறுவனத்தைப் பற்றியெல்லாம் புலம்பினாள். திடீரென்று கை நின்றது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அட கடவுளே. அன்னிக்கு நான்தான நிறுத்தச் சொன்னேன்."

என்னிடம் சொல்லவில்லை. தொட்டியிடம் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலையை முடித்துவிட்டு, ஸ்பேனரை என் மாடியிலேயே மறந்துவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு போனாள். ஆக என்னிடம் இருப்பது கொஞ்சம் புலம்பல், ஒரு ஸ்பேனர், ஒரு வாக்கியம். மிச்சமெல்லாம் என் புளுகு. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பது ஐந்தாம் பகுதியில் வரும். அவசரப்படுகிறவர்கள் இப்போதே அங்கே தாவலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. (கொஞ்சம் வருத்தம்தான்.)

2

முதல் தொடக்கம்: "வானம் கறுத்துக் கிடந்தது. டவரின் உச்சியில் ஒற்றை விளக்கு..."

வேண்டாம். மழை வந்தால்தான் கதை கிளம்பும் என்று யார் சட்டம் போட்டது?

இரண்டாம் தொடக்கம்: "ரேடியோ அலைகளின் பரவலில் தடையற்ற பார்வைக்கோடு என்பது எவ்வளவு..."

எனக்கே கொட்டாவி வந்தது. அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.

மூன்றாம் தொடக்கம்: "அவள் புருஷன் ஒரு வடிகட்டின முட்டாள்."

ஆகா! இதுதான். சொடக்குப் போட்ட மாதிரி இருந்தது. பெரிய டிஷ் மேல் பித்துப் பிடித்த புருஷன், விவரம் தெரிந்த பெண்டாட்டி. வாசகர் சிரிப்பார், பெண்ணுக்குக் கை தட்டுவார், எனக்கும் முற்போக்கு என்று நல்ல பெயர் கிடைக்கும். இதிலேயே நிறுத்திக்கொண்டேன். (இப்படி நான் நிறுத்திக்கொண்டதை ஞாபகம் வைத்திருங்கள். பின்னால் இதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன்.)

3

நெட் கொடுக்கிற அக்கா என்பதால் அவளை வாடிக்கையாளர்கள் நெட்டக்கா என்பார்கள். அவனை டவர்காரர் என்பார்கள். புகார் எண்ணுக்கு அழைத்தால் எடுப்பது அவனுடைய அம்மா, அதாவது நெட்டக்காவின் மாமியார். அந்த அம்மாளுக்கு ரவுட்டர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஊரில் பாதிப் பிரச்சினையை அவர்தான் தீர்ப்பார்.

"லைட்டு எரியுதாப்பா? எந்தக் கலரு? சிவப்பா? அணைச்சுப் போடு. போட்டியா? ஆங், வந்துச்சா? போய்ப் பொழப்பைப் பாரு."

ஏரிக்கு அக்கரையில் புதிதாக வீடுகள் வந்தன. அங்கே இணைப்பு கொண்டுபோக வேண்டும். இக்கரை டவரில் ஒரு டிஷ், அக்கரை டவரில் ஒரு டிஷ், ஒன்றையொன்று பார்த்தபடி. எந்த டிஷ் வாங்குவது? சாப்பாட்டு மேசையில் இரண்டு விலைப் புத்தகங்கள் விரிந்தன. சோறு ஆறியது.

"சின்னது போதுங்க" என்றாள் அவள். "காத்து அடிச்சா டவரைப் பிடிச்சு ஆட்டாது. பார்வையும் அகலம். ஏத்தி வெச்சோமா, திருப்பினோமா, வந்தோமான்னு இருக்கும்."

"அகலமா பார்த்தா கண்டதையும் பார்க்கும்" என்றான் அவன். "அந்தப் பக்கம் இன்னும் நாலு பேரு ரேடியோ வெச்சிருக்கான். எல்லாவன் இரைச்சலும் நம்ம காதுலதான் விழும். பெரிய டிஷ் அப்படி இல்ல. நேரா ஒரே இடத்தை மட்டும் பார்க்கும். பக்கத்துல எவன் கத்தினாலும் அதுக்குக் கேக்காது."

"உங்களை மாதிரியேன்னு சொல்லுங்க."

(பெரிய டிஷ் என்றால் பார்வையும் பெரிசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர் எதிராம். டிஷ் பெருக்கப் பெருக்கப் பார்வை ஒடுங்கும். தூரம் மட்டும் கூடும்.)

இந்த இடத்தில் அவனை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்க வேண்டும் என்று நினைத்தேன். விலைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான் என்று ஒரு வரி எழுதினேன். ஆனால் அவன் சொன்ன காரணம் சரியாக இருந்து தொலைத்தது. முட்டாள்கள் வாயில் சரியான காரணத்தை வைத்தால் கதை கெட்டுவிடும். அந்த வரியை எடுத்துவிட்டேன். காரணத்தை எடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் பெரிய டிஷ்ஷே வந்தது. இரண்டு. வண்டியிலிருந்து இறக்கும்போது மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னடா இது, யானைக் காதாட்டம்?" என்றார். அன்றிலிருந்து அதற்கு யானை என்றே பெயர்.

4

இரண்டு டிஷ்களை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவதில் ஒரு முறை உண்டு. ஒரு முனையில் இருப்பவர் அசைக்கும்போது மறுமுனையில் இருப்பவர் அசைக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தேட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் சந்திக்க முடியாது. மேலே ஏறியவர் மெதுவாகத் திருப்புவார். கீழே இருப்பவர் எண்ணைப் படிப்பார். "நிறுத்து" என்றால் நிறுத்தி, திருகை முடுக்க வேண்டும். மேலே இருப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். கீழே இருப்பவர் வாயை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

இன்னொன்று. இந்தத் தொழிலில் மார்க் குறைந்தால்தான் பாஸ். எண்பது என்றால் படு மோசம், ஐம்பது என்றால் பிரமாதம். (ஏன் என்று கேட்டேன். எல்லாம் கழித்தல் குறி போட்ட எண்கள் என்றாள். நான் கணக்கில் வாங்கிய மார்க்குக்கு இந்தத் தொழிலில் எங்கேயோ போயிருப்பேன்.)

அன்று அவன் அக்கரை டவரில். அவள் இக்கரையில், மடிக்கணினியோடு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. மேலே ஏறுவதற்கு முன்பே அவர்கள் பேச்சுவார்த்தை அவ்வளவு நன்றாக இல்லை.

"வலது பக்கம். கொஞ்சம். எழுபத்தெட்டு... எழுபத்திநாலு... எழுபத்தொண்ணு... எழுபத்திமூணு. போச்சு, திரும்ப வாங்க. எழுபத்தொண்ணு. நிறுத்துங்க."

"அவ்ளோதானா? கணக்குப்படி ஐம்பத்திரெண்டு வரணுமே."

"அவ்ளோதான். உங்க யானைக்கு அவ்ளோதான் தெம்பு."

மறுமுனையில் திருகு முடுக்கும் சத்தம். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். இணைப்பு மோசமாக வந்ததில் சந்தோஷம் என்று சொல்லக் கூடாது. தான் சொன்னது பலித்ததில் சந்தோஷம். இரண்டும் அன்று ஒன்றாகவே இருந்தன.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தூறல் போட்டால் அக்கரை இணைப்பு போய்விடும். சாயங்காலம் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் போய்விடும். மாமியார் கையில் போன் கொதித்தது. "யம்மா, அணைச்சுப் போடச் சொல்லி என் வாயே தேஞ்சுபோச்சு" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்குச் சாமான் வாங்கத் தெரியலன்னு ஒத்துக்கயேன்டா" என்றார்.

அவன் ஒத்துக்கொண்டான். அதுதான் கொடுமை. சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இந்தத் தொழில் தெரியல போல. பெரிய கம்பெனிக்காரன் விலைக்குக் கேட்டுட்டே இருக்கான். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்" என்றான். "சனிக்கிழமை ஏறி யானையைக் கழட்டிட்டு வந்துடறேன். கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான்."

அவள்தான் ஜெயித்தாள். சோறு இறங்கவில்லை.

5

இப்போது என் மாடிக்கு வாருங்கள். அதே வாரம், வெள்ளிக்கிழமை.

நான் எண்களைப் படிக்கிறேன். எழுபத்தாறு, எழுபத்திரண்டு, எழுபது, எழுபத்திரண்டு. எனக்கு ஒரே உற்சாகம். "நிறுத்தும்மா! எழுபதுதான் உச்சம். தாண்டினா சிக்னல் குறையுது!"

"அது உச்சம் இல்ல சார்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "சைடு லோப். எந்த டிஷ்ஷுக்கும் ஓரமா கொஞ்சம் சிக்னல் சிந்தும். அந்தச் சின்ன மேட்டுல ஏறி நின்னுட்டு இதான் மலைன்னு நெனச்சுக்குவாங்க. தாண்டிப் போகணும். முதல்ல மொத்தமும் போயிடும், பயப்படக் கூடாது. அப்புறம் பாருங்க, பெரிசு வரும். பெரிய டிஷ்ஷா இருந்தா இன்னும் ஜாக்கிரதையா..."

அங்கேதான் அவள் கை நின்றது. அங்கேதான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

தெரியாத விஷயமா? தினமும் செய்கிற வேலை. ஆனால் அன்று எழுபத்தொன்றைப் பார்த்ததும் காரணம் தயாராக இருந்தது: அவன் வாங்கிய யானை. பதில் கையில் இருக்கும்போது யார் மேற்கொண்டு தேடுவார்கள்? ஆடத் தெரியாதவள் என்று மாமியார் சொன்னது யாரை என்று இப்போது தெரிந்தது.

இதைச் சரி செய்ய ஒரு சின்னத் திருப்பு போதும். ஆனால் சரி செய்தால் யானை சரியான தேர்வு என்றாகிவிடும். அவள் ஜெயித்த சண்டையில் அவள் தோற்க வேண்டும். தோற்காவிட்டால் திங்கட்கிழமை நிறுவனம் போய்விடும். அதோடு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிவிட்ட ஒரு மனுஷனோடு மீதி வாழ்க்கையை ஓட்ட வேண்டும்.

6

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் இல்லை.

முடிவு ஒன்று. அவன் இல்லாத நேரம் பார்த்து அவளே அக்கரை டவரில் ஏறி, கைப்பேசியில் எண்ணைப் பார்த்துத் திருப்பி, ஐம்பத்திரண்டில் நிறுத்திவிட்டு வருகிறாள். "தானா சரியாயிடுச்சுங்க, காத்துல அசைஞ்சிருக்கும்." குடும்பம், நிறுவனம், மானம் மூன்றும் பிழைக்கும். உண்மையைச் சொன்னால், நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். ஆனால் இனி ஒவ்வொரு டவரிலும் அவன் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஏறுவான். மேலே ஏறுகிறவனுக்கு அது நல்லதில்லை.

முடிவு இரண்டு. அவள் சொல்கிறாள். அவன் புன்னகைத்து, "எனக்கு அப்பவே தெரியும். உன் மனசு நோகக் கூடாதுன்னு..."

சீச்சீ. அவன் என்ன மகானா? அந்த முடிவை அடித்தேன்.

அடித்துவிட்டு நாலாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். "அவ்ளோதானா? கணக்குப்படி ஐம்பத்திரெண்டு வரணுமே." நான் எழுதிய வரிதான். வசனத்துக்கு ஒரு இழுவை வேண்டுமே என்று போட்டது. அவன் கேட்டிருக்கிறான்! சரியான எண்ணோடு கேட்டிருக்கிறான். பதில் வந்தது, நம்பினான், முடுக்கினான். முட்டாள் புருஷன் என்ற சின்ன மேட்டில் ஏறி நின்றுகொண்டு, இதுதான் மலை என்று கதையை அங்கேயே முடுக்கப் பார்த்தவன் நான். பின்னால் வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்றேன் அல்லவா? கட்டிக்கொண்டேன்.

7

சனிக்கிழமை. அவன் அக்கரை டவரின் மேலே, யானையைக் கழற்ற ஸ்பேனரோடு. போன் அடித்தது.

"என்னங்க, கழட்டாதீங்க. வலது பக்கம் திருப்புங்க."

"எதுக்கு? திருப்பினா இருக்கறதும் போயிடும்."

"போகட்டும்."

"அக்கரை மொத்தமும் படுத்துடும். அம்மா போனை ஏரியில வீசிடும்."

"வீசட்டும். என்னங்க..." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கு நான்தான் நிறுத்தச் சொன்னேன். சைடு லோப்ல நிறுத்திட்டேன். யானை மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல. நீங்க கேட்டீங்க, நான்தான் அவ்ளோதான்னுட்டேன்."

காற்றுச் சத்தம். நீளமாக. இந்த மௌனத்தில் அவன் என்ன நினைத்தான் என்று நாலு பத்தி எழுதி நாலையும் கிழித்தேன். அவன் சொன்னது இவ்வளவுதான்:

"வலது பக்கம்தானே?"

"ஆமா. மெதுவா. நான் இங்க அசையல."

எழுபத்தைந்து. எண்பது. எண்பத்தாறு. பிறகு எண்ணே இல்லை. ஏரிக்கு அக்கரையில் ஒவ்வொரு வீட்டிலும் ரவுட்டர் விளக்கு சிவப்பானது. மாமியார் கையில் போன் அலறியது.

"போச்சு" என்றான். "இன்னுமா?"

"இன்னும் கொஞ்சங்க."

இங்கே நான் பேனாவை வைக்கிறேன். ஐம்பத்திரண்டு என்று எழுத எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை தவறான இடத்தில் நிறுத்தியவன் நான், என் வாயை நம்பாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அவள் திரும்ப வரவில்லை, ஸ்பேனர் என் மேசையில்தான் கிடக்கிறது. ஸ்பேனரைக் கொடுக்க வேண்டும் என்ற சாக்கில் அந்தப் புகார் எண்ணுக்கு அழைக்கலாம். "ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு இயந்திரம் பேசினால், திங்கட்கிழமை கையெழுத்து விழுந்துவிட்டது. "லைட்டு எரியுதாப்பா?" என்று கேட்டால், விழவில்லை.

எண்ணைப் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள். இந்தாருங்கள், நீங்களே பேசுங்கள்.