முப்பது லிட்டர் கடல்

உப்புத் தண்ணீருக்கு எறும்பு வராது. ஆனால் வந்திருந்தது. திருத்துறைப்பூண்டி கலியபெருமாள் ரைஸ் மில்லின் ஆபீஸ் அறையில், ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டியின் மேல் எறும்புகள் கல்யாண ஊர்வலம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீர் கழுநீராக வெளுத்திருந்தது. இரண்டு கோமாளி மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கல்லில் ஒட்டியிருந்த பொத்தான் அளவுப் பவளப்பூக்கள் ஒன்றுவிடாமல் சுருங்கிக் கிடந்தன.

தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஜாஸ்லின் துணியால் எறும்புகளைத் துடைத்துத் தள்ளினாள். அந்தத் தொட்டி, மில் முதலாளி கலியபெருமாளின் மகன் குணசேகரன் போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து வைத்தது. அங்கே கடல்மீன் தொட்டிகள் விற்கும் கடையில் அவன் மேனேஜர். பெரிய தொட்டி நாலு தப்பைப் பொறுத்துக்கொள்ளும். முப்பது லிட்டர் தொட்டி ஒன்றைக்கூடப் பொறுக்காது. "ஒரு வருஷம் இதை உயிரோட வச்சுக் காட்டு. கடையில வேலை போட்டுத் தர்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை வருகிறான். இன்றைக்குச் செவ்வாய்.

அவள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையதுதான், விலங்கியல். அப்பா சவரிராஜ் இதே மில்லின் களத்தில் நெல் தள்ளுகிறவர். "மீனுக்குத் தீனி போடவா மூணு வருஷம் படிச்சே?" என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. "உங்க மாட்டுக்குத் தண்ணி காட்ட நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க?" என்று அவளும் கேட்காமல் விட்டதில்லை.

விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு. அதற்குப் பின்னால் மெல்ல ஓர் இனிப்பு.

கலியபெருமாள் கழுத்து மருவைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன பொண்ணு, தண்ணியப் பாலாக்கிட்டே? பொண்ணு சரியா கவனிக்கறதில்லன்னு குணாகிட்ட போன்லயே சொல்லிட்டேன்."

"இதுல வெல்லம் போட்டது யாரு?"

"எந்த வெல்லம்?"

மில்லை ஒட்டிய வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சௌந்தரநாயகி வாசலிலேயே நின்றாள். "ஓஹோ! டப்பாவுல ரெண்டு அச்சு குறையுதேன்னு நான் வேலைக்காரிய வைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

 முதலாளி குரலைத் தணித்தார். "வைத்தீஸ்வரன்கோயில் குளத்துல வெல்லம் கரைக்கிறதா வேண்டிக்கிட்டேன், இந்த மருவுக்கு. அறுப்பு நேரத்துல மில்ல விட்டுட்டு எங்க போறது? அந்தக் குளத்துலயும் மீனு இருக்கு, இதுலயும் மீனு இருக்கு."

"இது குளமா? உங்க வெல்லத்தைத் தின்னு கிருமி கோடிக் கணக்குல பெருகி, தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் இழுத்துக்குது. மீனு மூச்சுத் திணறிச் சாவுது. இப்பவே போன் பண்ணி, வெல்லம் போட்டது நான்தான்னு சொல்லுங்க."

"நல்லாருக்கே! மகன்கிட்ட மானம் போகவா?"

ஜாஸ்லின் பல்லைக் கடித்தாள். கேனில் மிச்சம் வைத்திருந்த பத்து லிட்டர் கடல் தண்ணீரை வாளியில் ஊற்றி, மீன்களையும் கற்களையும் அதற்கு மாற்றி, காற்றுக் குழாயைப் போட்டாள். தொட்டித் தண்ணீரைக் கேன்களில் மொண்டாள். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "இதை வாய்க்கால்ல ஊத்திடறேங்க" என்றாள். "கரைச்ச வேண்டுதல வாய்க்கால்ல கொட்டினா மரு ரெட்டிப்பா வளரும்பாங்க. வளந்தா வளரட்டும்."

அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த நிமிஷம்தான் அவள் வாயில் உருவானது. கலியபெருமாளின் கை கழுத்துக்குப் போனது. "அதுக்குப் பரிகாரம் இல்லையா?"

"கடல்ல விடணும். கரைச்சவங்களே கொண்டுபோய் விடணும்."

சௌந்தரநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அன்று மத்தியானமே கார் அதிராம்பட்டினத்துக்குக் கிளம்பியது. அங்கே கரையோரத் தண்ணீர் சேறு; தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் படகில் உள்ளே போகவேண்டும். மீனவர் முருகையன் இருவரையும் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். வெள்ளை வேட்டியோடு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி குந்தியிருந்த கலியபெருமாளைப் பார்த்து, "மொதலாளி, கொஞ்சம் தளர்த்திப் புடிங்க, பலகை பேந்து வந்துரும்" என்றார். தெளிந்த நீர் வந்ததும் முதலாளி பயபக்தியோடு இனிப்புத் தண்ணீரைக் கடலில் ஊற்றினார். தொடர்ந்து காலையில் சாப்பிட்ட பொங்கலும் கடலில் சேர்ந்தது.

"பரிகாரம் பலமாத்தான் இருக்கு" என்றார் முருகையன்.

"மொண்டு ஊத்துங்கய்யா, நாலு கேன்" என்றாள் ஜாஸ்லின். முதலாளி மொண்டார்.

புதுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, உப்புமானி வைத்துப் பார்த்து, வாளியின் சூட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி, மீன்களையும் கற்களையும் திரும்ப விட்டாள். புதனும் வியாழனும் தண்ணீரைப் பாதிப் பாதி மாற்றினாள். வியாழன் சாயங்காலம் ஒரு பூ திறந்தது. ஜாஸ்லின் அதையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்த குணசேகரன் பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டியிடம் போனான். எல்லாப் பூக்களும் விரிந்திருந்தன. "என்னப்பா, பொண்ணு கவனிக்கறதில்லன்னீங்க?"

"அதான் நானே எறங்கிட்டேன். கடல்ல படகு ஏறிப் போயித் தண்ணி மொண்டாந்தேன், கேட்டுப் பாரு."

பொய் இல்லை, அதுதான் ஜாஸ்லினுக்கு எரிந்தது. "ஆமாங்க சார். ஐயாதான் மொண்டாந்தாங்க. அந்த வேலையையும் ஐயாவுக்கே குடுத்துடுங்க. கடையில மீனு செத்தா சிங்கப்பூர்ல யாரைப் பழி சொல்லுவாங்கன்னுதான் தெரியல."

குணசேகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரிப்பா. தினம் தொட்டியில தண்ணி ஒரு விரக்கட உயரம் வத்துதே, அதுக்கு எந்தத் தண்ணி ஊத்துவீங்க?"

"கடல் மீனுக்குக் கடல் தண்ணிதான்டா. இது ஒரு கேள்வியா?"

"வேதாரண்யம் உப்பளத்துல வெயிலு தண்ணியத்தான் தூக்கிட்டுப் போவுது, உப்பு அங்கயேதான் கெடக்குது" என்றாள் ஜாஸ்லின். "வத்தினதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். கடல் தண்ணிய ஊத்திக்கிட்டே போனா ஒரு மாசத்துல மீனு கருவாடு."

"வெல்லத் தண்ணி ஊத்தலாமாடா?" என்று அடுப்படியிலிருந்து சௌந்தரநாயகி கேட்டாள். அப்புறம் அவளே வெளியே வந்து, அச்சு வெல்லத்திலிருந்து பொங்கல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். குணசேகரன் சிரித்துச் சிரித்து நெல் மூட்டை மேல் சாய்ந்துவிட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "பாஸ்போர்ட் இருக்கா ஜாஸ்லின்?" என்றான்.

"இன்னும் இல்லைங்க. போலீஸ் விசாரணைக்கு வந்தா, என் நடத்தையப் பத்தி ஊர்ல ரெண்டு பேரு நல்லவிதமா சொல்லணுமாம். ஒருத்தரு எங்க சர்ச்சு பங்குச் சாமியாரு." முதலாளியின் பக்கம் திரும்பினாள். "இன்னொருத்தரு நீங்கதான். அட்ரஸ் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கலியபெருமாள் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

"என்னான்னு சொல்லணும்?" என்றார்.

"உள்ளதைச் சொன்னாப் போதும்யா. இந்த ஒரு தடவையாவது."