வெளிச்சம் படாத சுவர்

துர்க்கு நகரில் எங்கள் பித்தளை விளக்குப் பட்டறையில் சன்னிக்கு மின்கம்பி கோக்கும் வேலை. அவள் கணவன் கலெர்வோ, விளக்கை மூடும் பித்தளைக் கவிகைகளில், வெளிச்சம் புள்ளியாய் விழத் துளை போடுபவன். குளிர்காலத் தொடக்கத்தில் ரொட்டிக்கடைக்கார விதவை ஹெட்விக்கின் வீட்டில் ஒரு தொங்குவிளக்கை மாட்டிவிட்டு, அங்கேயே காப்பியும் குடித்துவிட்டுக் கிளம்பினான். ஆறு அப்போதுதான் உறைந்திருந்தது. குறுக்கே நடந்து வந்தவனைப் பனிக்கட்டி தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஹெட்விக் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"சன்னி, அந்த விளக்கைப் போட்டா சுவத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி இருக்கும்மா. நீயே வந்து பாரு."

"துளை விட்டுப் போயிருக்கும். அவருக்கு அவசரம் ஜாஸ்தி," என்றாள் சன்னி. ஆனாலும் போனாள்.

மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டதும் சுவரெங்கும் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள். ஓரிடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த இருட்டு உருவத்தின் இடது தோள் சற்றுத் தூக்கியிருந்தது. சன்னி கவிகையைத் தடவிப் பார்த்தாள். துளைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதை மெல்லச் சுழற்றினாள். புள்ளிகள் சுற்றின. இருட்டு நகரவில்லை.

"அவர்தான்," என்றாள். "அந்தத் தோள் அவரோடது."

"விளக்கை எடுத்துட்டுப் போயிடும்மா. எனக்கு வேண்டாம்."

சன்னி அதை வீட்டில் மாட்டினாள். நாலு சுவரிலும் புள்ளிகள் முழுசாக விழுந்தன. நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள், கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்த வாரமே ஹெட்விக் மறுபடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "விளக்கு போயிடுச்சு, அவன் போகலை. இப்ப எங்க நிக்கிறான்னு கண்ணுக்குத் தெரியலை. அதான் இன்னும் பயமா இருக்கு. கொண்டு வந்து மாட்டிடு, தாயே."

சன்னி கொண்டுபோய் மாட்டினாள். அவன் அங்கேயேதான் நின்றிருந்தான்.

"ஏன்யா, வீட்டுக்கு வரத் தெரியாதா உனக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஹெட்விக்தான் பின்னாலிருந்து தயங்கிச் சொன்னாள்: "வெளிய ரொம்பக் குளிருதுன்னான் அன்னிக்கு. கிளம்பவே மனசில்லாம உக்காந்திருந்தான்."

சன்னி ஒரு நாற்காலியை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு, "அப்போ இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

அதன்பின் ஞாயிறு மாலைகளில் அவள் அங்கே போய்விடுவாள். ஹெட்விக்கும் பயம் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் போடப் பழகிவிட்டாள். ஒரு தடவை சன்னி என்னையும் கூட்டிப்போனாள். பட்டறையில் தினமும் பார்த்த தோள் அது; நான் நிமிர்ந்து சுவரைப் பார்க்கவே இல்லை.