தலையீற்றுத் தீர்ப்பு

கீழ்வானம் வெளுத்து இளங்கதிர் கூரைமேட்டைத் தொட்ட அவ்வேளையில், இருபுறமும் நாற்பது நாற்பது கறவைகள் தலைநீட்டி வைக்கோல் மென்று நின்ற அந்நெடுந்தொழுவமெங்கும் பாலும் சாணமும் கலந்த வெம்மணம் பரவியிருக்க, வாயிலில் வந்து நின்ற சரக்குந்தின் உறுமல் ஒன்றே காலை அமைதியைக் கெடுத்தது, படிப்போரே! கெடுத்ததோடு நில்லாமல், அறுபதைக் கடந்த பண்ணைக்காரியை வாயிலுக்கும் இழுத்துவந்தது.

மூன்று நாளாகவே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலையீற்றில், அதாவது முதற்கன்று ஈன்ற ஆண்டில், நாளுக்குப் பத்துப்படி கறவாத கிடேரியைத் தொழுவத்தில் நிறுத்தலாகாது என்று பத்தாண்டுக்கு முன் சட்டம் போட்டவள் அவளே. அதை அணுவும் பிசகாமல் காத்துவந்த அவள் தம்பி, ஏழுபடியே கறந்த செவலைக் கிடேரி ஒன்றை அன்று அடிமாடாக வெளியேற்றப் பிடித்துவந்திருந்தான்.

ஈற்றுக் குறிப்பேட்டை அவள் புரட்டாமல் இருந்திருந்தால் தொல்லையில்லை; புரட்டிவிட்டாளே! குடங்குடமாய்க் கறந்த பெருமாடுகளெல்லாம் மடிநோயாலும் குளம்புப் புண்ணாலும் நொடித்து மூன்றாம் ஈற்றுக்குள் வெளியேறியிருக்க, பதினோராம் ஈற்றிலும் நோயறியாது கறந்து நின்றது ஒன்றே ஒன்று. அது இச்செவலையின் தாய். தலையீற்றில் அதுவும் ஏழுபடிதான். சட்டம் பிறக்குமுன் ஈன்றதால் தப்பியது. அதன் மூத்த பெண்கன்றுகள் நான்கும் தப்பவில்லை. தாய்க்கு இனிச் சினை நிற்காது. இச்செவலையும் போனால் அத்தாயின் வமிசமே அற்றுப்போகும். இதைத் தம்பியிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஆனால் கிடேரியின் முன்கால் சரக்குந்தின் பலகையில் ஏறிவிட்டது.

"அதை ஏத்தாதே."

"ஏன்க்கா? ஏழு படிதானே கறக்குது. நீ வச்ச சட்டம்தான்."

"நான் வச்சது தப்புடா. தலையீத்துப் பாலைப் பாத்தேன். எத்தனை ஈத்து தாங்கும்னு பாக்கலை. இதோட தாய் பதினோரு ஈத்து தாங்கியிருக்கு."

தம்பி கயிற்றை விடவில்லை. "அப்போ அந்த நாலும்? ரெண்டாவதை மட்டும் விட்டுடுன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேனே. மாட்டு மேல பாசம் வச்சா பண்ணை நடத்த முடியாதுன்னு சொன்னே."

"சொன்னேன். நாலையும் நான்தான் தொலைச்சேன்."

அவன் கிடேரியைப் பின்னுக்கு இழுத்தான். "இதுவும் மூணு ஈத்துல படுத்துட்டா?"

"பத்து வருஷம் கழிச்சுக் கேளு."

"அப்போ யாரு பதில் சொல்றது, அக்கா?"

அவள் சரக்குந்தைப் போகச் சொல்லிக் கையசைத்தாள். சரக்குந்து வெறுமையாய்த் திரும்பிற்று. நிம்மதி வருமென்று காத்திருந்தவளுக்கு அது வரவில்லை. கிடேரியின் முதுகைத் தடவினாள்.

"அந்த ரெண்டாவது எப்படிடா இருக்கும்? எனக்கு முகமே ஞாபகம் இல்லை."

"இதே மாதிரிதான்க்கா," என்றான் தம்பி.

ஓர் உயிரை நெடிது வாழவைக்க ஆண்டுகள் பல வேண்டும், படிப்போரே. அனுப்பிவைக்க ஒரு காலை போதும். அவளுக்கு அப்படி நான்கு காலைகள் இருந்தன.