நாற்பத்தொரு ஜன்னலும் ஒரு பரீட்சையும்

புரூஃப் ரீடருக்குக் கம்ப்யூட்டரை அணைக்கும் வழக்கமே கிடையாது. மூடியைச் சாத்துவார், திறப்பார், அவ்வளவுதான். திரையில் எப்போதும் நாற்பத்தொரு ஜன்னல் திறந்து கிடக்கும். ஒன்றை மூடினாலும் எங்கோ ஒரு பிழை தப்பித்துவிடும் என்று மனுஷருக்கு நம்பிக்கை.

வீட்டில் இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அவர் மனைவி எட்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகப் பார்த்தாள். ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே எழுதும் இரண்டு மணி நேரப் பரீட்சை. இருபது கேள்வி, எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில். கோட்டைவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது.

கம்ப்யூட்டரில் இருந்ததோ விண்டோஸ்.

"வழி ரெண்டு இருக்குங்க," என்றாள். "டிஸ்க்கைப் பிரிச்சு லினக்ஸைத் தனியா போடலாம். ஆன் பண்ணும்போது எது வேணுமோ அதுல போகலாம். இல்லன்னா உங்க விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னல்ல லினக்ஸை ஓட விடலாம்."

தனியாகப் போட்டால் ஒன்றை அணைத்துத்தான் மற்றதற்குப் போக வேண்டும். நாற்பத்தொன்றும் மூடிவிடும்.

"உள்ளேயே இருக்கட்டும். உனக்குத்தான் சௌகரியம்," என்றார், பெரிய தியாகி மாதிரி.

"மெமரி நாலு ஜிபிதான். ரெண்டும் சேர்ந்து ஓடினா திணறும்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது அவள்தான். ஓர் உத்தரவைத் தட்டிவிட்டுப் போய்த் துணி மடித்து வைத்தாள். திரும்பி வந்தபோது தட்டிய எழுத்தில் பாதிதான் திரையில் வந்திருந்தது. "ஓடுதே," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஏழு எண்களை அடித்திருந்தாள்.

"என்னது இது?"

"இந்த வேகத்துல பதிமூணு கேள்விதாங்க முடியும். பாஸாகப் பதிமூணு போதும். ஒண்ணுகூட தப்பாகக் கூடாது, அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். அவளோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்.

முப்பத்தாறாவதில் ஒரு கடிதம். அந்தக் கம்பெனிக்கு அவள் எழுதிய விண்ணப்பம். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக் கொடுக்கும்படி நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தாள். திறந்து வைத்திருப்பதாக அவரும் அப்போது சொல்லியிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அனுப்பியிருக்கிறாள். இப்போது முழுசும் படித்தார். ஒரு பிழைகூட இல்லை.

மீதியைப் பார்க்காமலே மூடினார். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. சொன்னாள். அணைத்தார்.

"டிஸ்க்கைப் பிரிச்சுடு," என்றார். "பாதிக்குப் பாதி."

"அவ்வளவு எதுக்குங்க? எனக்கு ஒரு ஓரமா முப்பது ஜிபி போதும்."

"பாதி," என்றார்.