ஏழாம் அறையில் யார் வந்து இறங்கியது

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தத்திலிருந்து கிடைத்தது. கீழ்வீட்டு ரெய்னோ, கனடாவின் தண்டர் பே நகரில் என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், தன் குளியலறைச் சுவரை மூன்று நாளாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். சத்தம் என் தரை வழியே ஏறி வந்தது.

"ஏரி உறையும் மாதங்களில் சன்னல்களைச் சாத்திவிட்டால்—"

வேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும்.

"தொட்டியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி—"

இதுவும் வேண்டாம். ஐலாவின் இருமலிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஐலா ரெய்னோவின் மகள், ஆறு வயது. அக்டோபரில் இருமல் பிடித்தது. அம்மா சூசனுக்கு மருத்துவமனையில் மாலை வேலை என்பதால் இருமல் ரெய்னோவின் பொறுப்பு. சாப்பாடு முடிந்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் செருகி, ஈரக்காற்றை வெளியே தள்ளும் காற்றாடியை நிறுத்தி, வெந்நீரை முழுக்கத் திறந்துவிடுவான். மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஏரிக்கடியில் ஹோட்டல் நடத்தும் ஒரு மீனின் கதையைச் சொல்வான்.*

ஃபின்லாந்து வழி வந்த எங்களுக்கு மூக்கடைப்புக்கும் ஆவி, முதுகுவலிக்கும் ஆவி, மனஸ்தாபத்துக்கும் ஆவிதான்.

தொட்டியோரம் பூசணம் கறுத்தது. ப்ளீச் ஊற்றித் தேய்த்தான், திரும்பி வந்தது. மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தான். பிள்ளைக்கு மூச்சில் விசில் கேட்கத் தொடங்கியதும், பத்து நிமிட ஆவியை அரைமணி ஆக்கினான்.

* மீன் என்னுடையதல்ல, அவனே கட்டியது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

3

எங்கே இருக்கும்போது இருமல் அதிகம் என்று டாக்டர் கேட்டார். ஐலா முந்திக்கொண்டாள்.

"பாத்ரூம்லதான். ஆனா அங்கதானே அப்பா கதை சொல்லுவாரு, அதனால பரவால்ல."

[ரெய்னோவின் முகத்தைப் பற்றி நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான் என்று சூசன் சொன்னாள்.]

வீட்டுக்கு வந்து ஓடுகளைப் பெயர்த்தான். பின்னால் சுவர் ஊறிய ரொட்டி மாதிரி, கன்னங்கரேலென்று. ஐலா மாடிக்கு, என்னிடம் வந்தாள். இரண்டு வாரத்தில் விசில் அடங்கியது. ரெய்னோவும் அடங்கிவிட்டான். மீன் ஹோட்டலின் ஏழாம் அறைக்கு மூன்று பெட்டிகளோடு யாரோ வந்து இறங்கிய இடத்தில் கதை நிற்கிறது. மகள் கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்:

"மீன் ஹோட்டலை மூடிட்டுப் போயிருச்சு, கண்ணு."

தன் மடியில் வைத்தே பிள்ளைக்கு நோயை ஊட்டிவிட்டதாக நினைக்கிறான்.

4

ஒரு பாத்திரம் எனக்கு இடிக்கிறது. ரெய்னோவுக்கு இந்த ஆவி யோசனையைக் கொடுத்தவளாக, தேவாலயத்துக் கிழவி ஹில்மா என்று ஒருத்தியை முதல் பிரதியில் வைத்திருந்தேன். மூக்கில் மருகூட வைத்துப் பார்த்தேன். அவளுக்கு உயிர் வரவில்லை. எப்படி வரும்? அக்டோபரில் மாடிப்படியில் நின்று, "காத்தாடிய நிறுத்திரு ரெய்னோ, ஆவி வெளிய போகக்கூடாது" என்று சொன்னவள் நான்.

"சரி அத்தை, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். இன்றுவரை அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

5

முடிவு ஒன்று: புதுக் காற்றாடி ஓட, ரெய்னோ சமையலறையில் கதையைத் தொடர்கிறான். கண்ணுகளா, இது அவ்வளவு சுலபமில்லை.

முடிவு இரண்டு: ஐலாவே மிச்சக் கதையை அவனுக்குச் சொல்கிறாள். அழகுதான். ஆனால் பெரியவர்கள் செய்யவேண்டிய வேலையை ஒரு பிள்ளை தலையில் கட்டுவதா?

முடிவு மூன்று: ஹெல்மி அத்தை, அதாவது நான், கீழே இறங்கிப்போய் அவன் கதவைத் தட்டி—

தட்டவில்லை. மூன்று தடவை பாதிப் படி இறங்கித் திரும்பினேன். எனக்குத் தைரியம் காகிதத்தில்தான் வரும்.

என் கதைகளைக் கணினியில் அடித்துத் தருபவன் ரெய்னோ. ஆகவே இது உங்கள் கைக்கு வந்திருந்தால், உங்களுக்கு முன்பே அவன் படித்துவிட்டான்.

ரெய்னோ, நாலாம் பகுதியைத் தாண்டி வந்துவிட்டாயா? அதில் ஒரு எழுத்தையும் எனக்காக மாற்றாதே. ஐலா என் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், மூச்சு நன்றாக இருக்கிறது. ஏழாம் அறைக்கு வந்தது யார் என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? பேனாவை வைக்கிறேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு மேலே வா.