வாத்திறகு

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஓர் ஊரை முழுசாகத் திருத்தியவர்கள் இரண்டே பேர்தான் என்று போதகர் தீத்மார் ஹோல்ஸ்டே மனப்பூர்வமாக நம்பினார். ஒருவர் பைபிளில் வரும் தீர்க்கதரிசி யோனா, மற்றவர் தாம். ஆனால் யோனாவுக்கு, அவரை விழுங்கிக் கரைசேர்த்த ஒரு மீன் துணையிருந்தது.

அந்தப் பொமரேனியத் துறைமுக ஊரில், ஹோல்ஸ்டே வந்தபின் பழைய கத்தோலிக்கப் பூசைகள் நின்றன. துறவிகளின் மடம் பள்ளிக்கூடமானது. உப்புமீன் விற்பவர்கள்கூட ஆராதனை நேரத்தில் கத்துவதில்லை. அடங்காதது மருத்துவச்சி மெட்கேயின் வாத்திறகு ஒன்றுதான்.

குழந்தை இறந்து பிறந்தால் மெட்கே அதைக் கணப்படுப்பின் அருகே கிடத்தி, உதட்டில் ஓர் இறகை வைப்பாள். அனலில் இறகு அசையும். "மூச்சு விட்டுது!" என்பாள். உடனே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம், ஒரு பெயர். ஒரு மூச்சாவது விட்ட பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம்; அது இல்லாத பிள்ளைக்கு அந்த ஊரில் பெயர் கிடையாது.

ஹோல்ஸ்டே அவளைக் கோயிலில் எல்லோர் முன்பும் எழுப்பி நிறுத்தினார்.

"ஏம்மா மெட்கே, உன் வாத்து எந்தப் பல்கலைக்கழகத்துல வேதம் படிச்சுது? அடுப்ப நல்லா மூட்டினா அது என் செருப்புக்கும் ஞானஸ்நானம் குடுத்துடும் போலிருக்கே!"

கோயில் சிரித்தது.

"உங்க செருப்புக்கு அழறதுக்குத் தாய் இல்லீங்களே, போதகரே," என்றாள் மெட்கே.

அதற்கும் அவர் சிரித்தார். பிறகு சட்டம் போட்டார்: இறந்து பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் கூடாது, தாயின் ஜெபமே போதும், கடவுள் ஏற்றுக்கொள்வார். பிள்ளையை இழந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இதைச் சொன்னார். பெண்கள் தலையாட்டினார்கள். நல்ல ஆறுதல் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பனி உருகும் பருவத்தில் அவர் மனைவி இல்சாபேக்கு வலி கண்டது. நண்பகலில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. மெட்கே சட்டப்படி அதைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இறக வைக்கச் சொல்லுங்க," என்றாள் இல்சாபே படுக்கையிலிருந்து. "பேரில்லாம எப்பிடிங்க அனுப்புறது?"

"நம்ம ஜெபத்தக் கடவுள் கேட்டுட்டாரும்மா. குழந்தை அவர்கிட்டதான் இருக்கு."

"எத்தன பேர்கிட்ட இப்படிச் சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும்."

"எப்படி உங்கள உயிரோட விட்டாங்க?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மெட்கேயைப் பார்த்தார்.

"நான் தொடமாட்டேன், போதகரே. ஊர் முன்னாடி சொல்லிட்டீங்க," என்றாள் அவள். "வெந்நீர் வச்சு எடுத்துட்டு வர்றேன்." கதவைச் சாத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அன்று அந்த வீட்டில் வெந்நீர் கொதிக்க மிக நீண்ட நேரம் பிடித்தது.

தலையணைத் தையலைப் பிரித்து அவர் ஓர் இறகை உருவினார். கணப்படுப்பின் அருகே மண்டியிட்டு, குழந்தையின் உதட்டில் வைத்தார். அசையவில்லை. காலையிலிருந்து யாரும் விறகு போடாததால் அடுப்பு அவிந்து கிடந்தது.

குனிந்து, மெல்ல ஊதினார்.

"இல்சாபே," என்றார். "மூச்சு விட்டா."

சுவரைப் பார்த்தபடியே அவள் அழத் தொடங்கினாள்.

"பேரு?" என்று கேட்டுவிட்டு, போதகர் படுக்கையருகே இருந்த கிண்ணத்துத் தண்ணீரில் விரல்களை நனைத்தார்.